இட்லிப்பூச் செடி வளர்ப்பு: தண்ணீர்க் குழாயில் தொடங்கிக் குச்சி நடுவது வரை

கோவையிலிருந்து பாலக்காடு போகும் வழியில் வாளையாறு தாண்டினால் வேலியோரமெல்லாம் சிவப்பு இட்லிப்பூ. கேரளத்துக்காரர்கள் அதைச் செத்தி என்கிறார்கள், தெச்சி என்றும் சொல்வார்கள். யாரும் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதாகத் தெரியவில்லை, உரமும் போடுவதில்லை. அந்த அழகைப் பார்த்துவிட்டு ஒரு செடியைக் காரில் ஏற்றி வந்து கோவையில் நட்டவர்கள் எனக்குத் தெரிந்தே பத்துப் பேராவது இருப்பார்கள். ஆறாவது மாதம் புது இலை எலுமிச்சை மஞ்சளாக வரும். ஒரு வருடத்தில் பூ நின்றுவிடும். "எத்தனை உரம் போட்டும் மஞ்சளாவே நிக்குதுங்க" என்று அப்புறம் கேட்பார்கள்.

செடியில் குறையில்லை. உரத்திலும் குறையில்லை. இட்லிப்பூ, அதாவது வெட்சி, லேசான புளிப்பு மண்ணில் வளரும் செடி. மண்ணின் பி.எச்., அதாவது புளிப்பு-கார அளவு (7 நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம்), 5-லிருந்து 6 வரை இருந்தால் அதற்குச் சுகம். கொங்குப் பக்கத்தில் சுண்ணாம்புக் கற்கள் கலந்த சுக்கான் மண்ணும் போர்வெல் உப்புத் தண்ணீரும் 8-ஐத் தொடும். இந்த ஒரு விஷயத்தை முதலில் தீர்த்துவிட்டால் மிச்சமெல்லாம் சுலபம். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். பெரும்பாலோர் செடி வாங்குவதில் தொடங்குகிறார்கள். இங்கே அது ஐந்தாவது படி.

1. முதலில் தண்ணீரைச் சோதியுங்கள்

மண்ணை ஒரு முறை மாற்றிவிடலாம். தண்ணீரை வருடம் முழுக்க ஊற்றப்போகிறோம். அதனால்தான் தண்ணீர் முதல் படி.

கோவை வீடுகளில் பெரும்பாலும் இரண்டு குழாய் இருக்கும்: நல்ல தண்ணி ஒன்று, உப்புத் தண்ணி ஒன்று. செடிக்கு உப்புத் தண்ணிதான் போகும். அந்தக் குழாயின் வாயைப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கிறதா? வாளியின் உள்விளிம்பில் சொரசொரப்பான வளையம் இருக்கிறதா? இருந்தால் அந்தத் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பைத் தொட்டியில் சேர்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

நான் ஒரு முறை ஒரே ரகத்தில் இரண்டு செடி வாங்கி, ஒரே மண்கலவையில், ஒரே வெயிலில் வைத்தேன். ஒன்றுக்கு உப்புத் தண்ணி, மற்றதற்கு மழைத் தண்ணீரும் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரும். நான்காவது மாதத்தில் எது எந்தத் தொட்டி என்று யாரும் கேட்கவேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

பி.எச். பார்க்கும் காகிதக் கீற்று ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பல தடவை வேண்டியிருக்கும்.

உங்கள் தண்ணீர் 7-க்கு மேல் என்றால் வழி இதுதான். மழைநீரைப் பீப்பாயில் பிடித்துவைக்கலாம். ஏசித் தண்ணீர் கிட்டத்தட்ட உப்பே இல்லாத தண்ணீர், நான்கைந்து தொட்டிக்குத் தாராளமாகப் போதும். இரண்டும் இல்லாத நாட்களில் 10 லிட்டர் உப்புத் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி சிட்ரிக் ஆசிட் கலந்து, கீற்றை நனைத்துப் பாருங்கள். 6-லிருந்து 6.5-க்குள் வரும் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் தருவார்கள். இது அவசரத்துக்குத்தான். சிட்ரிக் ஆசிட்டை மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும், அப்புறம் காரம் திரும்ப ஏறும்.

ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை ஊற்றாதீர்கள். வீணாகிறதே என்று நல்ல மனதோடு செடிக்கு விடுகிறார்கள். வடிகட்டியில் தங்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

2. மண்ணில் வினிகர் ஊற்றிப் பாருங்கள்

செடி வைக்கப்போகும் இடத்தில் அரையடி ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து, காயவைத்து, தட்டில் போட்டு இரண்டு ஸ்பூன் வினிகர் ஊற்றுங்கள். காதைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். சோடா பாட்டில் திறந்த மாதிரி மெல்லிய சத்தத்தோடு நுரைத்தால் அந்த மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. கொங்குப் பகுதியில் பல இடங்களில் நுரைக்கும். வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கற்கள் கண்ணில் பட்டால் வினிகர் கூடத் தேவையில்லை.

நுரைக்கவில்லை, செம்மண் நிலம் என்றால் நேரே தரையில் நடலாம். நுரைத்தால் தொட்டியில் வையுங்கள். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

கந்தகம் போட்டு மண்ணைச் சரிசெய்யலாமே என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கன அடி மண் ஏறக்குறைய 40 கிலோ. அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு சுண்ணாம்பு என்றால் 2 கிலோ. ஒரு கிராம் கந்தகம் மூன்று கிராம் சுண்ணாம்பைத்தான் தீர்க்கும். ஆக, ஒரே ஒரு கன அடிக்கு 650 கிராம் கந்தகம் வேண்டும். அதைச் செய்து முடித்தாலும் பக்கத்து மண்ணிலிருந்து சுண்ணாம்பு திரும்ப ஊறி வரும். சுண்ணாம்பே இல்லாத, 7-ஐ ஒட்டிய மண்ணுக்குக் கந்தகம் பலன் தரும். சதுர மீட்டருக்கு 50 கிராம் தூவி, கிளறி, ஈரமாக வைத்திருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் பி.எச். இறங்கும். உடனே இறங்காது, ஏனென்றால் கந்தகத்தை அமிலமாக மாற்றுவது மண்ணில் உள்ள பாக்டீரியா.

ஜிப்சம் பி.எச்.-ஐக் குறைக்கும் என்று உரக்கடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். உவர் பிடித்த களர் நிலத்தைத் திருத்த அது உதவும். இங்கே நமக்குள்ள சிக்கல் வேறு.

3. ரகத்தை முடிவு செய்யுங்கள்

ரகம் தெரியாமல் இடமும் தொட்டியும் தேர்ந்தெடுக்க முடியாது. நர்சரியில் இரண்டு பெரும் பிரிவாகக் கிடைக்கும்.

நாட்டு இட்லிப்பூ, அதாவது இக்சோரா காக்சினியா, ஆள் உயரம் போகும், விட்டால் இன்னும் மேலே. இலை அகலமாக, கையில் தடிப்பாக இருக்கும். பழமும் பிடிக்கும். தென்னிந்தியாவும் இலங்கையும் இதன் சொந்த ஊர் என்பதால் நம் வெயிலும் மழையும் இதற்குப் பழக்கம்தான், மண் மட்டும் ஒத்துவர வேண்டும்.

இன்னொன்று மினி இட்லிப்பூ, சைனீஸ் இட்லிப்பூ என்று விற்கும் குட்டை ரகங்கள். இலை சிறிதாக, கூராக, நெருக்கமாக இருக்கும். இரண்டு மூன்று அடியோடு நின்றுவிடும். தொட்டிக்கும் நடைபாதை ஓரத்துக்கும் இதுதான் சரி. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், ரோஸ் எல்லாம் உண்டு.

புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சிவப்பையோ ஆரஞ்சையோ தான் சொல்வேன். மஞ்சள் பூவும் ரோஸ் பூவும் என் அனுபவத்தில் கொஞ்சம் சுணங்கும். வாசனை வேண்டும் என்றால் சிவப்பில் எதிர்பார்க்காதீர்கள், வெள்ளைப் பூப் பூக்கும் பெரிய இனம் ஒன்று மணக்கும், ஆனால் அதற்கு இடம் அதிகம் வேண்டும்.

4. இடமும் கலவையும்

ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் சாகாது, அதுதான் ஏமாற்றும். இலை கரும்பச்சையாக நன்றாகவே தெரியும், கிளை மட்டும் நீண்டுகொண்டே போகும், பூ வராது.

சிமென்ட் பூசிய சுவரை ஒட்டி வைக்காதீர்கள், சிமென்டிலிருந்து சுண்ணாம்பு ஊறும். நான் முதன்முதலில் செய்த தப்பு இதுதான். புதிதாகக் கட்டிய காம்பவுண்டுச் சுவரின் ஓரமாக வரிசையாக எட்டுச் செடி வைத்தேன். மேலே நல்ல செம்மண் கொட்டியிருந்தார்கள், ஓரடி தோண்டியதும் கொத்தனார் விட்டுப்போன கலவைக் கட்டியும் செங்கல் துண்டும் வந்தன. மேலோட்டமாகப் பொறுக்கிவிட்டு நட்டேன். ஒரு மழைக்காலம் தாண்டியதும் சுவருக்கு அருகில் இருந்த பக்கம் மட்டும் இலை வெளுத்தது. ஒரே செடியில் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் மஞ்சள். சுவரிலிருந்து குறைந்தது இரண்டடி தள்ளுங்கள், கட்டட இடிபாடு இருந்தால் முழுக்கத் தோண்டி எடுத்துவிடுங்கள்.

தொட்டிக் கலவை இப்படி: செம்மண் இரண்டு பங்கு, கழுவிய தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, நன்றாக மட்கிய இலைமட்கோ தொழு உரமோ ஒரு பங்கு, பருமணல் அரைப் பங்கு. 12 அங்குலத் தொட்டி ஒன்றுக்கு ஒரு தேக்கரண்டி கந்தகத் தூளும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்த்துக் கிளறி, லேசாக நனைத்து, சாக்குப் போட்டு மூடி மூன்று வாரம் வையுங்கள். கந்தகம் வேலை செய்யத் தொடங்க அவ்வளவு நாள் பிடிக்கும். புண்ணாக்கின் சூடும் அதற்குள் தணிந்துவிடும்.

நார்த்தூளைக் கழுவச் சொன்னதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கட்டியாக விற்கும் நார்த்தூளில் உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றினால் போகும். மணல் எம்-சாண்ட் ஆனாலும் பரவாயில்லை, ஆனால் தூளைச் சலித்துவிட்டுக் கப்பியை மட்டும் எடுங்கள். கடற்கரை மணல் வேண்டாம், சிப்பித் தூள் முழுக்கச் சுண்ணாம்பு.

அடுப்புச் சாம்பல், முட்டை ஓடு, எலும்புத் தூள் மூன்றையும் இந்தச் செடிப்பக்கம் கொண்டுவராதீர்கள். மற்ற செடிகளுக்கு நல்லதுதான். சாம்பல் காரம், முட்டை ஓடு அப்படியே சுண்ணாம்பு, எலும்புத் தூளிலும் கால்சியம்தான் பெரும்பங்கு. என்னிடம் மஞ்சள் இலையோடு வருகிறவர்களில் பாதிப் பேர் முட்டை ஓடு போட்டவர்கள்.

குட்டை ரகத்துக்கு 12 அங்குலத் தொட்டி, பெரிய ரகத்துக்கு 18 அங்குலம். சிமென்ட் தொட்டி வேண்டாம், காரணம் மேலே சொன்னதேதான்.

5. இப்போது செடி வாங்கப் போகலாம்

பூ நிறைய இருக்கிற செடியைக் கை தானாக எடுக்கும். நீங்கள் பார்க்கவேண்டியது கடைசியாக விட்ட இலைக் கொழுந்தை. கொழுந்து செம்பும் பச்சையும் கலந்து பளபளப்பாக இருந்தால் செடி நன்றாக இருக்கிறது. நரம்பு மட்டும் பச்சையாக, இடையில் வெளுத்திருந்தால் அங்கேயே நோய் தொடங்கிவிட்டது.

இலைகள் எதிரெதிராக இரண்டு இரண்டாக வரும். அந்த ஜோடிக்கு இடையில், தண்டில் முள் போலச் சின்னதாகக் கூரான ஒரு செதில் இருக்கும். காப்பிச் செடியிலும் இது உண்டு, இரண்டும் ஒரே குடும்பம். பூ இல்லாத காலத்தில் வேறு செடியைக் கொடுத்து ஏமாற்றாமல் இருக்க இது ஒரு அடையாளம். கிளையைக் கிள்ளினால் பால் வந்தால் அது நந்தியாவட்டையோ வேறெதுவோ.

அடியில் பாலித்தீன் பையின் ஓட்டை வழியே தடித்த வேர் வெளியே வந்து சுற்றியிருந்தால் அந்தச் செடி வேண்டாம். ஒரு அடி உயரத்தில் மூன்று நான்கு கிளை அடியிலிருந்தே பிரிந்த செடி, இரண்டடி ஒற்றைக் குச்சியைவிட நல்லது.

6. நடுதல்: அந்தக் களிமண் உருண்டை

வெளியூரிலிருந்து லாரியில் வரும் செடிகளில் பலவற்றின் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இருக்கும். பயணத்தில் வேர் காயாமல் இருக்க அது வேண்டும். நட்டபின் அதுவே எமன். சுற்றிலும் நீங்கள் போட்ட பொலபொலப்பான கலவையில் தண்ணீர் சர்ரென்று இறங்கிவிடும், உருண்டைக்குள் போகாது. மேலே ஈரமாகத் தெரியும், உள்ளே வேர் தாகத்தில் கிடக்கும். மழைக்காலத்தில் இதற்கு நேர்மாறு, உருண்டை ஊறி அழுகும்.

அதனால் பையைக் கிழித்ததும் செடியை வாளித் தண்ணீரில் உருண்டையோடு அரை மணி நேரம் வையுங்கள். முதலில் குமிழி வரும். குமிழி நின்றபின் விரல் நுனியால் வெளிப்புறத்திலிருந்து களிமண்ணைக் கரைத்துவிடுங்கள். பாதி உருண்டை போனால் போதும், நடுவே இருப்பதை விட்டுவிடுங்கள். முழுக்க உரித்தால் மெல்லிய வேரெல்லாம் அறுந்து, ஒரே வாரத்தில் இலை கொட்டும். சுருண்டு வளையமாகிவிட்ட வேர் இருந்தால் அதை மட்டும் கத்தரியுங்கள்.

செடி பையில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள். ஆழமாக வைத்தால் உறுதியாக நிற்கும் என்று தண்டை இரண்டு அங்குலம் புதைக்கிறார்கள், அந்த இடத்தில் பட்டை அழுகும்.

தரையில் என்றால் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி, பெரிய ரகத்துக்கு இடைவெளி இரண்டு முதல் இரண்டரை அடி, குட்டை ரகத்துக்கு ஒன்றேகால் அடி. உயிர்வேலியாக நெருக்கமாக வேண்டும் என்றாலும் இதைவிடக் குறைக்காதீர்கள். முதல் வருடம் இடைவெளி அசிங்கமாகத்தான் தெரியும்.

ஆடி மழைக்காற்றில் நடுவது உத்தமம். மாலை வேளையில் நட்டு, உடனே ஒரு முறை நிறையத் தண்ணீர். சித்திரை, வைகாசியில் நடாதீர்கள்.

7. முதல் மூன்று மாதம்

பத்து நாள் அரை நிழல், அப்புறம் வெயில். விரலை ஒரு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். தொட்டி அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்காதீர்கள்.

மேல்மண்ணை மூடாக்குப் போட்டு மறையுங்கள். தென்னை நார், காய்ந்த இலை எதுவானாலும் சரி. இட்லிப்பூவின் உணவு உறிஞ்சும் மெல்லிய வேர் மேலாகவே ஓடுகிறது, அது சூடேறக் கூடாது. அதே காரணத்துக்காகக் களைக்கொத்தியால் அடியைக் கிளறாதீர்கள். மாடியில் தொட்டிகளை ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்தால் பக்கவாட்டு வெயில் குறையும்.

இந்த மூன்று மாதமும் ரசாயன உரம் வேண்டாம். வரும் மொட்டுகளையும் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான்.

8. உரம்

இந்தப் பகுதி சின்னது, ஏனென்றால் உரம் குறைவாகத்தான் வேண்டும். நான்காவது மாதத்திலிருந்து 12 அங்குலத் தொட்டிக்கு மாதம் ஒரு முறை அம்மோனியம் சல்பேட் 3 கிராமும், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பொட்டாசியம் சல்பேட் 2 கிராமும் தண்ணீரில் கரைத்து, ஏற்கெனவே ஈரமான மண்ணில் ஊற்றலாம். யூரியாவைவிட அம்மோனியம் சல்பேட் மண்ணைச் சற்றுப் புளிப்பாக்கும், அதனால்தான் இதைச் சொல்கிறேன். வருடத்துக்கு இரண்டு முறை மட்கிய எரு ஒரு கைப்பிடி.

ரசாயனம் வேண்டாம் என்பவர்கள் கடலைப் புண்ணாக்கு ஊறல் தண்ணீரைப் பத்து மடங்கு நீர்த்து ஊற்றலாம். சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிப் போடாதீர்கள், மணிச்சத்து மிதமிஞ்சினால் இரும்பைச் செடி எடுக்க முடியாமல் கட்டிவிடும். புளித்த மோர் ஊற்றலாமா என்று கேட்பார்கள். ஊற்றலாம், கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை. காப்பிச் சக்கையும் அப்படித்தான், வடித்தபின் அதில் புளிப்பு அவ்வளவாக மிச்சமிருக்காது.

9. இலை மஞ்சளானால்

எல்லா மஞ்சளும் ஒன்றல்ல. எந்த இலை என்பதை முதலில் பாருங்கள்.

உச்சிக் கொழுந்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சை வலை போலத் தெரிந்தால் அது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும், செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். பி.எச். ஏறிவிட்டால் அது கரையாமல் பூட்டிக்கொள்கிறது. ஒரு முறை இலைக்குப் போன இரும்பு இன்னோர் இலைக்கு நகராது, அதனால்தான் பழைய இலை பச்சையாகவும் புது இலை வெளுப்பாகவும் இருக்கிறது.

அடி இலை முழுக்க மஞ்சளாகி உதிர்ந்தால் தழைச்சத்துக் குறையாகவோ தண்ணீர் தேங்குவதாகவோ இருக்கும். அடி இலைகளில் செம்பழுப்புப் புள்ளிகள் பரவினால் சாம்பல் சத்தை, அதாவது பொட்டாஷைச் சந்தேகப்படுங்கள். எப்சம் உப்பு போடுங்கள் என்று எல்லா மஞ்சளுக்கும் ஒரே பதில் சொல்பவர்கள் உண்டு. அது மக்னீசியம். மக்னீசியக் குறை பழைய இலையில்தான் தெரியும், கொழுந்து வெளுத்ததற்கு அதைப் போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை.

கொழுந்து வெளுத்தால் செய்யவேண்டியது: ஒரு லிட்டர் மழைநீரில் முதலில் ஒரு கிராம் சிட்ரிக் ஆசிட்டைக் கரையுங்கள். அப்புறம் 5 கிராம் அன்னபேதி. நாட்டுமருந்துக் கடையிலும் உரக்கடையிலும் கிடைக்கும், பெர்ரஸ் சல்பேட் என்பது இதுதான். வரிசை மாறினால், அதிலும் உப்புத் தண்ணீரில் கலந்தால், இரும்பு துருவாகி அடியில் படிந்துவிடும். கரைசல் வெளிர்பச்சையாக இருக்கவேண்டும். காவி நிறமாக மாறினால் கொட்டிவிடுங்கள். கடையில் வாங்கும்போதே பச்சைப் பளிங்காக இல்லாமல் மஞ்சள் பொடி பூத்திருந்தால் வாங்காதீர்கள்.

சூரியன் இறங்கியபின் இலையின் இரு பக்கமும் நனையத் தெளியுங்கள். பூவில் பட்டால் கறையாகும், தரை டைல்ஸில் பட்டால் போகவே போகாது. இது பட்ட பாடம். என் மாடிப்படியில் இன்றும் ஒரு காவிக் கறை இருக்கிறது. பன்னிரண்டு நாள் இடைவெளியில் மூன்று முறை தெளித்தால், அடுத்து வரும் கொழுந்து பச்சையாக வரும்.

தெளிப்பு என்பது முதலுதவி. தண்ணீரையும் மண்ணையும் மாற்றாவிட்டால் இரண்டு மாதத்தில் திரும்ப வெளுக்கும். தரையிலிருந்து பெயர்க்க முடியாத பெரிய செடி என்றால் இரும்பு செலேட் (மண்ணில் பூட்டிக்கொள்ளாதபடி பிணைத்த இரும்பு உரம்) மண்ணில் ஊற்றலாம், ஆனால் கடையில் சும்மா செலேட் என்று கேட்காதீர்கள். இ.டி.டி.ஏ. (EDTA) வகை கார மண்ணில் நிற்காது. இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகைதான் வேண்டும், விலை அதிகம். கரைத்தால் ஒயின் போலச் சிவக்கும். அளவுக்குப் பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் பின்பற்றுங்கள்.

10. கவாத்து

இட்லிப்பூ கிளையின் நுனியில்தான் பூக்கும். இதை மனதில் வைத்தால் கவாத்தில் தப்பு வராது. மாதாமாதம் வேலியைச் சமமாக வெட்டச் சொல்லித் தோட்டக்காரரிடம் விட்டுவிட்டு, பூ வரவில்லை என்றால் எப்படி வரும்? மொட்டுக் கட்டும் நுனி எல்லாம் குப்பையில் போய்க்கொண்டிருக்கிறது.

பூங்கொத்து வாடியதும் அதற்குக் கீழே உள்ள முதல் இலை ஜோடிக்குச் சற்று மேலே வெட்டுங்கள். இலைக்கு இரு பக்கமும் இரண்டு தளிர் வரும், ஒரு கொத்து இருந்த இடத்தில் இரண்டு கொத்து. இதை வருடம் முழுக்கச் செய்யலாம்.

வடிவத்துக்காக ஆழமாக வெட்டுவது வருடத்தில் ஒரு முறை, மாசி மாதம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். இரண்டு மூன்று மாதத்தில் பூ வந்துவிடும். கத்திரி வெயிலில் ஆழமாக வெட்டினால் நிழல் போன கிளைப் பட்டை வெந்துவிடும்.

11. எறும்பைப் பின்தொடருங்கள்

இலைமேல் புகை படிந்தது போலக் கருப்பாக இருக்கிறது, துணியால் துடைத்தால் வருகிறது என்றால் அது கரும்பூசணம். அதற்கு மருந்து தேடாதீர்கள். மேல் இலையின் அடியில் அசுவினியோ செதில் பூச்சியோ மாவுப்பூச்சியோ இருந்துகொண்டு சாறு உறிஞ்சி, இனிப்பான கழிவைக் கீழே விடுகிறது. அதன்மேல்தான் பூசணம் வளர்கிறது. எறும்பு வரிசை எந்தக் கிளைக்குப் போகிறதோ அங்கே பூச்சி இருக்கும்.

காலையில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் அசுவினி பெரும்பாலும் போய்விடும். மற்றவற்றுக்கு ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுச் சோப்புக் கரைசல், மாலையில், வாரம் ஒரு முறை மூன்று வாரம். செதில் பூச்சி கெட்டியாக ஒட்டியிருந்தால் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டு அப்புறம் தெளியுங்கள். எறும்பு ஏறாமல் தடுக்காவிட்டால் எல்லாம் திரும்ப வரும்.

12. பறித்த பூ

மொட்டு அவிழத் தொடங்கிய கொத்தைச் செடியிலேயே விட்டால் வாரக்கணக்கில் நிற்கும். பூஜைக்குப் பறிப்பதென்றால் தனித்தனிப் பூவாக உருவாமல் கொத்தோடு, இலை ஜோடியை விட்டு வெட்டினால் பறிப்பதே கவாத்தாகிவிடும். அம்மனுக்கும் முருகனுக்கும் மாலையாகக் கட்டுவார்கள். கேரளத்தில் இந்தப் பூவைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிக் குழந்தைகளுக்குத் தேய்ப்பார்கள். பூச்சிமருந்து தெளித்த செடியிலிருந்து அதற்குப் பறிக்கவேண்டாம். பூக்குழாயின் அடியில் ஒரு துளி தேன் இருக்கும், தேன்சிட்டு அதற்காகத்தான் வருகிறது. வீட்டுப் பிள்ளைகளும் உறிஞ்சுவார்கள், அரளியைப் போல இதில் பயப்பட ஒன்றுமில்லை.

13. குச்சியும் பதியனும்

செம்பருத்திக் குச்சியைச் செருகினால் வேர்விடுவது போல இது விடாது. பத்து வைத்தால் எனக்கு ஐந்தாறு தேறும். ஆடி முதல் ஐப்பசி வரை, காற்றில் ஈரம் இருக்கும்போது செய்யுங்கள்.

பூவோ மொட்டோ இல்லாத கிளை வேண்டும். நுனிப் பச்சைத் தண்டு அழுகிவிடும், அடிப் பழுப்புத் தண்டு தூங்கும். இரண்டுக்கும் நடுவே, வளைத்தால் கொஞ்சம் வளைந்து பிறகு சட்டென ஒடிகிற பகுதிதான் சரி. ஐந்து அங்குலம் நீளம், மூன்று கணு. அடிக்கணுவுக்குக் கொஞ்சம் கீழே கூரான கத்தியால் வெட்டி, அடி இலைகளை எடுத்து, மேலே ஒரு ஜோடியை மட்டும் விட்டு, அதையும் பாதியாகக் கத்தரியுங்கள். முழு இலை இருந்தால் வேர் இல்லாத குச்சியின் ஈரம் முழுக்க அது வழியாகப் போய்விடும்.

வேர்த்தூண்டிப் பொடியில் அடிநுனியைத் தொட்டு, தட்டிவிட்டு, நார்த்தூளும் மணலும் சமமாகக் கலந்த சின்னத் தொட்டியில் முதலில் பென்சிலால் ஓட்டை போட்டு அதில் வையுங்கள். நேரே செருகினால் பொடி மேலேயே நின்றுவிடும். அடியை வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து மூடி, மூடியைத் திருகாமல் விட்டு, வெளிச்சமான நிழலில் வையுங்கள்.

வேர்விட ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகலாம். வேர் வந்ததா என்று இழுத்துப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தப்பு. அப்போதுதான் விட்ட வேர் நூல் மாதிரி இருக்கும், ஒரு இழுப்பில் அறுந்துவிடும். மூன்றாவது வாரம் தளிர் வந்தாலும் நம்பாதீர்கள், அது குச்சியில் இருந்த சேமிப்பில் வருவது. இரண்டாவது ஜோடி இலை விரிந்தால் நம்பலாம்.

குச்சியைப் பராமரிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு மண்பதியன். தரையை ஒட்டிய கிளையை வளைத்து, கணுவுக்கு அடியில் பட்டையை ஒரு அங்குலம் சீவி, அந்த இடத்தை மண்ணில் புதைத்து மேலே ஒரு செங்கல் வைத்துவிடுங்கள். தாய்ச்செடிக்கு ஊற்றும் தண்ணீரே போதும். மூன்று மாதம் கழித்துச் செங்கல்லைத் தூக்கிப் பாருங்கள், வேர் தெரிந்தால் தாய்ப்பக்கம் வெட்டி, பத்து நாள் அங்கேயே விட்டு, அப்புறம் பெயர்த்து மேலே சொன்ன கலவையில் நடுங்கள்.